பேனா உருளையில் 24 பள்ளம்: பட்டறை வேலையைத் தமிழில் விளக்குதல்

இந்தப் பக்கத்தில் வழக்கமாக இலக்கணமோ செய்யுளோ வரும். இந்த முறை ஒரு பித்தளைப் பேனாவோடு வந்திருக்கிறேன். கருத்து விளக்கக் கட்டுரை எழுதப் போகும் மாணவர்களுக்கும், அதைத் திருத்தித் திருத்தி அலுத்துப்போன ஆசிரியர்களுக்கும் இது பயன்படும் என்று நினைக்கிறேன்.

இதை எழுதக் காரணம் ஒரு கேள்வி. கேரித் தீவுத் தோட்டத்திலிருந்து வரும் நான்காம் படிவ மாணவன் ஒருவன், எஸ்.பி.எம். தேர்வில் தமிழ் எடுக்கலாமா வேண்டாமா என்ற பேச்சு வந்தபோது கேட்டான்: "டீச்சர், நான் படிச்சி முடிச்சிட்டு மெஷின் வேலைக்குத்தான் போகப் போறேன். பட்டறையில தமிழ் எதுக்கு? அங்க இருக்கிற எதுக்கும் தமிழ்ல பேரே இல்லையே?"

மொழிப்பற்று, அடையாளம் என்று ஏதோ சொல்லி வைத்தேன். அவன் மரியாதையாகக் கேட்டுக்கொண்டான். பதில் அவனுக்கும் போதவில்லை, எனக்கும் போதவில்லை. அந்த வாரக் கடைசியில் பாலத்தைத் தாண்டி என் மாமாவின் பட்டறைக்குப் போனேன்.

மாமா பல ஆண்டுகள் தோட்டத்தில் பித்தராக இருந்தவர். இப்போது வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு, ஒரு பழைய லேத்தும் ஒரு சிறிய மில்லிங் மெஷினும் வைத்திருக்கிறார். டிராக்டருக்குப் புஷ், லாரிக்குப் பின், தண்ணீர்ப் பம்புக்குத் தண்டு, இவைதான் அவருக்குச் சோறு போடும் வேலை. கையில் வேலை இல்லாத நாளில் பித்தளைக் கம்பியைக் கடைந்து பேனா செய்வார். அதை யாருக்கும் விற்பதில்லை. கல்யாணத்துக்கோ பட்டமளிப்புக்கோ கொடுப்பார். எனக்கும் ஒன்று கொடுத்திருக்கிறார். அதன் உடல் முழுக்க நீளவாக்கில் மெல்லிய பள்ளங்கள் ஓடும். வெளிச்சத்தில் திருப்பினால் கோடு கோடாக மின்னும்.

அந்தப் பள்ளங்களை எப்படிப் போடுகிறார் என்பதை விளக்குவதுதான் இக்கட்டுரை.

முதலில் ஒரு சொல். லேத்தில் உலோகத்தையோ மரத்தையோ சுழலவிட்டு உளியால் செதுக்குவதற்குத் தமிழில் கடைதல் என்று பெயர். வேலைக்குப் பெயர் கடைசல். ஆம், மோர் கடைகிறோமே, அதே கடைதல்தான். மத்தில் கயிற்றைச் சுற்றி இரண்டு பக்கமும் மாறி மாறி இழுப்பதுபோலவே, பழைய காலத்தில் கடைய வேண்டிய கட்டையிலும் வாரைச் சுற்றி ஒருவர் மாறி மாறி இழுப்பார், மற்றவர் உளி பிடிப்பார். அம்பாசமுத்திரத்து மரச் செப்புச் சாமான்கள் கடைசல் வேலைதான். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் நாச்சியார்கோவிலில் குத்துவிளக்கை வார்த்தெடுத்த பிறகு, தண்டையும் தட்டையும் கடைசலில் பிடித்துத்தான் வழவழப்பாக்கி வளையக் கோடுகள் போடுகிறார்கள். "பேரே இல்லையே" என்று கேட்ட மாணவனுக்கு இதுவே பாதி பதில்.

இப்போது பட்டறைக்குள் போவோம்.

மாமா எடுத்துக்கொள்வது பித்தளைக் கம்பி. லேத்தில் பிடித்து வெளிவிட்டத்தை 10 மில்லிமீட்டருக்குக் கடைகிறார். பிறகு நடுவே 7 மில்லிமீட்டர் துளை போடுகிறார், மைக்குழாய் உள்ளே போக வேண்டுமே. ஆக, உருளையின் சுவர் கனம் 1.5 மில்லிமீட்டர். இந்த எண்ணை நினைவில் வையுங்கள். பின்னால் வரும் எல்லாத் தொல்லைக்கும் காரணம் இதுதான்.

பித்தளைக்கு உளி தீட்டுவதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. இரும்புக்குத் தீட்டுவதுபோல முகத்தைச் சாய்த்துத் தீட்டினால், பித்தளை உளியை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஒரு நொடியில் பொருள் கெட்டுவிடும். அதனால் முகம் தட்டையாக இருக்க வேண்டும். சீவல் சுருளாக வராது, பொடிப் பொடியாகச் சிதறும். கண்ணுக்குக் கண்ணாடி போடாமல் மாமா என்னைக் கிட்டேயே விடவில்லை. "சிதறுனா கண்ணுலதான் வந்து குத்தும்மா, பித்தள அப்பிடி."

உருளை தயார். இனி அதன் மேல் 24 பள்ளங்கள், எல்லாம் சம இடைவெளியில் வர வேண்டும்.

இங்கே சற்று நின்று யோசியுங்கள். நீங்களாக இருந்தால் எப்படிச் செய்வீர்கள்? ஒரு பள்ளம் போட்டுவிட்டு, அதிலிருந்து அளந்து அடுத்தது, அதிலிருந்து அளந்து அதற்கடுத்தது என்று போவீர்கள். நானும் அப்படித்தான் சொன்னேன். மாமா சிரித்தார். 10 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருளையின் சுற்றளவு ஏறத்தாழ 31.4 மில்லிமீட்டர். அதை 24 ஆல் வகுத்தால் ஒரு பள்ளத்துக்கு 1.31 மில்லிமீட்டர். ஒவ்வொரு முறை அளக்கும்போதும் 0.05 மில்லிமீட்டர் மட்டும் ஒரே பக்கமாகத் தவறினால்? அது தலைமுடியின் கனத்துக்குக் கிட்டத்தட்டச் சமம், கண்ணுக்கே தெரியாது. ஆனால் 24 முறை சேர்ந்தால் 1.2 மில்லிமீட்டர். அதாவது ஏறத்தாழ ஒரு முழுப் பள்ளத்தின் இடம் காணாமல் போய்விடும். கடைசிப் பள்ளம் முதல் பள்ளத்தின் மேல் போய் ஏறும்.

இதைத் தடுப்பதற்கு ஒரு கருவி இருக்கிறது. பட்டறையில் அதை டிவைடிங் ஹெட் என்றுதான் சொல்கிறார்கள். வட்டத்தைச் சமமாகப் பிரித்துக் கொடுக்கும் கருவி என்று நாம் விளக்கிக்கொள்ளலாம். உள்ளே திருகும் பல்சக்கரமும் இருக்கின்றன. வெளியே இருக்கும் கைப்பிடியை 40 முறை சுற்றினால்தான், பேனா உருளை ஒரு முழுச் சுற்றுச் சுற்றும். ஒரு கைச்சுற்றுக்கு உருளை 9 பாகை திரும்பும்.

நமக்கு 24 பிரிவு வேண்டும். 40 ஐ 24 ஆல் வகுங்கள். ஒன்றும் மூன்றில் இரண்டும். அதாவது ஒவ்வொரு பள்ளத்துக்கும் கைப்பிடியை ஒரு முழுச் சுற்றும், இன்னும் மூன்றில் இரண்டு சுற்றும் திருப்ப வேண்டும். முழுச் சுற்று எளிது. மூன்றில் இரண்டு சுற்றைக் கண்ணால் பார்த்து நிறுத்த முடியுமா? அதற்காகக் கைப்பிடிக்குப் பின்னால் ஒரு துளைத்தட்டு இருக்கிறது. வட்ட வட்டமாகத் துளைகள். ஒரு வட்டத்தில் 15, இன்னொன்றில் 16, 17, 18 என்று போகும். 18 துளை வட்டத்தைத் தேர்ந்தெடுத்தால் மூன்றில் இரண்டு என்பது 12 துளை. ஒரு சுற்று, 12 துளை, ஊசியைத் துளையில் இறக்கு, பள்ளம் போடு. மறுபடி ஒரு சுற்று, 12 துளை.

இதன் அருமை என்னவென்றால், பிழை சேராது. ஒவ்வொரு பள்ளத்தின் இடத்தையும் தட்டுதான் முடிவு செய்கிறது, முந்திய பள்ளம் முடிவு செய்வதில்லை. ஒன்று சற்றே பிசகினாலும் அந்தப் பிசகு அதோடு நின்றுவிடும். இந்த ஒரு கருத்தை மாணவர்கள் தெளிவாக இரண்டு வாக்கியத்தில் எழுதிவிட்டால், அந்தப் பத்திக்கு நான் மனசார மதிப்பெண் போடுவேன்.

பள்ளம் வெட்டும் கட்டர் 90 பாகைக் கூர் கொண்டது. 0.4 மில்லிமீட்டர் ஆழத்துக்கு இறக்கினால், மேலே பள்ளத்தின் அகலம் 0.8 மில்லிமீட்டர் வரும். இரண்டு பள்ளங்களுக்கு நடுவே அரை மில்லிமீட்டர் அளவுக்கு மெல்லிய வரப்பு மிஞ்சும். ஆழத்தைக் கூட்டக் கூட்ட வரப்பு மெலியும். 0.65 மில்லிமீட்டருக்கு இறக்கினால் வரப்பே இல்லை, கத்திமுனை மாதிரி ஆகிவிடும், பிடித்து எழுத முடியாது. அதோடு 1.5 மில்லிமீட்டர் சுவரில் பாதிக்குக் கிட்டத்தட்டப் போய்விடுகிறது. வெட்டும்போது சுவர் உள்ளே அமுங்காமல் இருக்க, துளைக்குள் இறுக்கமாக ஒரு இரும்புத் தண்டைச் செருகி வைக்கிறார். அதைச் செருகாமல் வெட்டினால் உருளை அதிரும், பள்ளத்தின் அடியில் மீன் செதில்போல அலையடிக்கும். பிறகு எவ்வளவு தேய்த்தாலும் அது போகாது.

வெட்டி முடித்ததும் ஓரங்களில் பிசிறு நிற்கும். பிசிறு தட்டுவது பாதி வேலை என்கிறார் மாமா. அதற்குப் பிறகு வருவதுதான் எனக்கு வியப்பாக இருந்தது. நான் நினைத்தேன், நன்றாகப் பாலிஷ் போட்டால் நன்றாக மின்னும் என்று. "அதிகமா பாலிஷ் பண்ணுனா வேல போச்சு. கோட்டோட மூலை மழுங்கிடும், அப்புறம் என்ன மின்னும்?" பள்ளத்தின் இரண்டு சரிவும் தட்டையாக, ஓரம் கூராக இருப்பதால்தான் ஒவ்வொன்றும் ஒரு சிறு கண்ணாடிபோல ஒளியைத் திருப்பிவிடுகிறது. ஓரத்தை மழுக்கினால் எல்லாம் சேர்ந்து பொதுவாக ஒரு பளபளப்பு வரும், அவ்வளவுதான்.

இதற்கு எடுத்துக்காட்டு தேடி எங்கும் போக வேண்டாம். கிள்ளான் ஜாலான் தெங்கு கிலானாவில் நகைக்கடைக் கண்ணாடிக்குப் பின்னால் பாருங்கள். 'சி.என்.சி. வளையல்' என்று விற்கிறார்களே, அதுவும் இதே வேலைதான். கூரான வைர உளியால் தங்கத்தில் சின்னச் சின்னச் சரிவுகளை வெட்டுகிறார்கள். கல் எதுவும் பதிக்காமலே கல் பதித்ததுபோல மின்னுகிறது. வித்தியாசம் ஒன்றுதான், அங்கே எண்ணுவது கணினி, மாமாவின் கொட்டகையில் எண்ணுவது மாமா.

மனிதர் எண்ணினால் பிழை வரும். என்னிடம் இருக்கும் பேனாவே அதற்குச் சாட்சி.

அதன் மேல் உருளையில் பள்ளம் போட்ட அன்று, மாமா 12 துளை எண்ணும்போது ஊசி நிற்கும் துளையையும் ஒன்று என்று எண்ணிவிட்டார். வேலி போடுகிறவர்களுக்கு இந்தக் குழப்பம் தெரியும்: எண்ண வேண்டியது கம்பத்தையா, இடைவெளியையா? நிற்கும் துளை கணக்கில் வரக்கூடாது, அது பூஜ்யம். அதை ஒன்று என்று எண்ணினால் உண்மையில் நகர்வது 11 துளைதான். இதற்காகவே தட்டின் மேல் இரண்டு தகட்டுக் கைகள் இருக்கும், ஒருமுறை சரியாக விரித்து வைத்துவிட்டால் ஒவ்வொரு தடவையும் எண்ண வேண்டியதில்லை. மாமா அவற்றைத்தான் தவறாக விரித்து வைத்துவிட்டார். ஆகவே தவறு ஒவ்வொரு முறையும் தவறாமல் நடந்தது!

விளைவைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 15 பாகைக்குப் பதிலாக ஒவ்வொரு நகர்வும் 14.5 பாகை. பள்ளத்துக்குப் பள்ளம் வித்தியாசம் 0.04 மில்லிமீட்டர். பார்த்தால் தெரியாது, தடவினாலும் தெரியாது. 24 ஆவது பள்ளம் போட்டு முடித்த பிறகுதான் குட்டு வெளிப்பட்டது. 24 பள்ளங்களுக்கு நடுவே 23 நகர்வு. 23 ஐ 14.5 ஆல் பெருக்கினால் 333.5. மிச்சம் 26.5 பாகை. 15 பாகை இடைவெளி வர வேண்டிய இடத்தில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வெற்றிடம். மாலை முழுக்க உழைத்த வேலை!

மாமா அந்த வெற்றிடத்தின் நடுவில் 25 ஆவதாக ஒரு பள்ளத்தைப் போட்டு, அதற்கு நேர் மேலே பேனாவின் கிளிப் வருமாறு பொருத்தி என்னிடம் கொடுத்துவிட்டார். எட்டு ஆண்டுகளாக அந்தப் பேனாவில்தான் கட்டுரை திருத்துகிறேன். எனக்குத் தெரியவே தெரியாது. இந்தமுறை கேட்டபோதுதான் சொன்னார்.

இந்த நேர்ப்பள்ளம் அலங்கார வகைகளில் மிக எளியது. உருளை நகரும்போதே மெதுவாகச் சுழலுமாறு பல்சக்கரங்களை இணைத்தால் பள்ளம் கொடிபோலச் சுற்றிக்கொண்டு ஓடும். வலப்பக்கமாக ஒருமுறை, இடப்பக்கமாக ஒருமுறை ஓடவிட்டால் நடுவில் வைரக் கட்டங்கள் விழும். மாமாவிடம் அந்தப் பல்சக்கரத் தொகுதி இல்லை. சொரசொரப்பாகக் கட்டம் கட்டமாக இருக்கும் நர்லிங் வேறு வகை. அது பெரும்பாலும் வெட்டுவது அல்ல, கடினமான இரண்டு சிறு சக்கரங்களை வைத்து அழுத்துவது. உலோகம் பிதுங்கி மேலே வரும். கெட்டியான கைப்பிடிக்கு நல்லது, மெல்லிய பேனா உருளையை நசுக்கிவிடும்.

எல்லாவற்றுக்கும் மேலான வகை ஒன்று உண்டு. பழைய ஐரோப்பியப் பட்டறைகளில் வளர்ந்தது. அதில் தண்டோடு ஓரம் அலை அலையாக வெட்டிய ஒரு தட்டைப் பொருத்தி, அந்த ஓரத்தில் ஒரு முளையை அழுத்தி வைப்பார்கள். தண்டு சுற்றும்போது அலைக்கு ஏற்ப உருளையும் முன்னும் பின்னும் அசையும், உளி அசையாமல் நிற்கும். அதனால் கோடு நேராக விழாமல் அலையாக விழும். அடுத்த கோட்டை அரை அலை தள்ளிப் போட்டால், இரண்டு அலைகளுக்கு இடையே பார்லி மணிபோன்ற வடிவம் உண்டாகும். வரிசை வரிசையாகப் போட்டால் உருளை முழுக்க மணி கொட்டியதுபோல இருக்கும். லண்டனில் சாம்ப்சன் மோர்டன், இன்னொருவரோடு சேர்ந்து 1822 இல் திருகினால் முனை வெளியே வரும் பென்சிலுக்குக் காப்புரிமை பெற்றார். அவருடைய நிறுவனத்தின் வெள்ளிப் பென்சில்களில் இப்படிப்பட்ட வேலைப்பாட்டைப் பார்க்கலாம். ஒரு ரிங்கிட் நோட்டைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தால் தெரியும் நுண்ணிய பின்னல் கோடுகளும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவைதான். அங்கே அவை அழகுக்கு மட்டும் அல்ல, கள்ள நோட்டு அடிப்பவனைத் திணற வைக்கவும்தான்.

பேனாவிலும் கோடு அழகுக்கு மட்டும் இல்லை. 1960களில் வந்த பார்க்கர் 75 பேனாவின் வெள்ளி உடலில் சதுரக் கட்டங்கள் வெட்டி, பள்ளங்களைக் கறுப்பாக்கியிருப்பார்கள். வழுக்காது, விரல் ரேகை தெரியாது, சின்னக் கீறலும் தெரியாது. மழமழப்பான வெள்ளிப் பேனாவைப் பையில் சாவியோடு போட்டவருக்கு இதன் அருமை புரியும்.

ரப்பர் மண்ணில் பிறந்த நமக்கு இன்னொரு செய்தி. உலோகப் பேனா பரவுவதற்கு முன்பு பேனா உடல் எபோனைட்டில், அதாவது கந்தகம் சேர்த்துக் கெட்டியாக்கிய ரப்பரில் செய்யப்பட்டது. வாட்டர்மேன் போன்றவர்கள் அந்தக் கறுப்பு ரப்பரிலும் இயந்திரத்தால் அலைக்கோடு போட்டார்கள். திருவள்ளூரில் ரங்கா பேனாக்காரர்கள் இன்றும் எபோனைட்டைக் கையாலேயே கடைகிறார்கள். சாத்தூரும் ஒரு காலத்தில் பேனா நிப்புக்குப் பேர்போன ஊர். அதற்கும் முன்னே நம்மிடம் எழுத்தாணி இருந்தது. குண்டெழுத்தாணி, வாரெழுத்தாணி, மடக்கெழுத்தாணி என்று வகைகளே உண்டு. ஒருபுறம் ஓலை சீவும் கத்தியும் மறுபுறம் எழுதும் முனையுமாக மடங்கும் மடக்கெழுத்தாணியை நினைத்துப் பாருங்கள். எழுதும் உலோகக் கருவியை அலங்கரிக்கும் ஆசை நமக்குப் புதிது அல்ல.

மாணவர்களிடம் 'ஒரு கைத்தொழில்' என்று தலைப்புக் கொடுத்தால் வரும் பத்தி எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும். "கைவினைஞர்கள் மிகவும் பொறுமையாகவும் கவனமாகவும் செயல்பட்டு, காண்போர் கண்களைக் கவரும் வண்ணம் அழகிய வேலைப்பாடுகளை உருவாக்குகின்றனர்." பிழை ஒன்றும் இல்லை. ஆனால் இந்த வாக்கியத்தைக் கேரித் தீவு மா மேரி மக்களின் முகமூடிக்கும் வைக்கலாம், கூடைக்கும் வைக்கலாம், கேக்குக்கும் வைக்கலாம். எதற்கும் பொருந்தும் வாக்கியம் எதையும் விளக்கவில்லை. பொறுமை எங்கே தேவைப்படுகிறது? எதில் கவனம் தவறினால் என்ன கெடும்? அதை எழுதினால்தான் விளக்கம்.

அந்த மாணவனிடம் என் பேனாவைக் கொடுத்து, பார்த்து ஒரு பத்தி எழுது என்றேன். மாமாவின் கதையை அவனிடம் சொல்லவில்லை. அவன் நகத்தால் ஒவ்வொரு பள்ளமாகத் தடவி எண்ணிக்கொண்டே வந்தான். கொஞ்ச நேரம் கழித்து, "டீச்சர், கீழ 24, மேல 25. இந்தக் கிளிப்புக்கு அடியில ரெண்டு கோடு மட்டும் நெருக்கமா இருக்கு, ஏன்?" என்றான். எட்டு ஆண்டுகளில் நான் பார்க்காததைப் பத்து நிமிடத்தில் பார்த்துவிட்டான். அன்று அவன் எழுதிய பத்தியில் 'வரப்பு' என்ற சொல் இருந்தது. நான் சொல்லிக் கொடுக்கவில்லை, பள்ளத்துக்கு நடுவே உயர்ந்து நிற்பதற்கு வேறு என்ன பெயர் என்று அவனே யோசித்து எழுதியிருக்கிறான். 'பிசிறு' அவன் அப்பா வீட்டில் சொல்லும் சொல்லாம். தேர்வுக்குத் தமிழ் எடுப்பதைப் பற்றி அவன் இன்னும் முடிவு சொல்லவில்லை. நானும் மறுபடி கேட்கவில்லை.

வகுப்பில் செய்து பார்க்க: ஒரு மாணவர் பேனா உருளையில் 28 பள்ளம் போட வேண்டும். கைப்பிடி 40 சுற்றுக்கு உருளை ஒரு சுற்று. துளைத்தட்டில் 21 துளை வட்டம் இருக்கிறது. கைப்பிடியை எவ்வளவு திருப்ப வேண்டும் என்று முதலில் கணக்கிடச் சொல்லுங்கள். (விடை: ஒரு சுற்று, 9 துளை.) பிறகு, டிவைடிங் ஹெட்டைப் பார்த்தே இராத ஒருவருக்குப் புரியுமாறு அதை 80 சொற்களில் எழுதச் சொல்லுங்கள். 'அழகிய', 'நேர்த்தியான', 'கண்ணைக் கவரும்' ஆகிய மூன்றுக்கும் அன்று விடுமுறை. எழுதியதைப் பக்கத்து மாணவரிடம் கொடுத்து, அதை மட்டும் படித்துவிட்டு ஒரு அட்டை வட்டத்தில் துளைகளை எண்ணி நகர்த்திக் காட்டச் சொல்லுங்கள். ஊசி நிற்கும் துளையை எண்ணக்கூடாது என்று எழுத மறந்தவர்கள் யார் யார் என்று அங்கேயே தெரிந்துவிடும்.